மொழி கற்றலும் வயதும்: பெற்றோரும் பெரியவர்களும் அறிய வேண்டியவை

மொழி கற்பதைப் பற்றி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இரு வகையான கேள்விகள் எழுகின்றன. முதலாவது, குழந்தையை இடுப்பில் தூக்கி வரும் தாயின் கேள்வி: "இரண்டரை வயதாகிறது, இன்னும் பேசவில்லை. போகப் போகப் பேசிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?" இரண்டாவது, இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த நடுத்தர வயதினர் பேச்சோடு பேச்சாகக் கேட்பது: "பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறேன். இந்த வயதுக்கு மேல் கன்னடம் வருமா?"

முதல் கேள்விக்கு விடை, காத்திருக்க வேண்டாம் என்பது. இரண்டாவதற்கு விடை, நிச்சயம் வரும் என்பது. நடைமுறையில் நம்மில் பலர் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். குழந்தைக்குக் காலம் இருக்கிறது என்று பொறுத்திருக்கிறோம்; பெரியவருக்குக் காலம் கடந்துவிட்டது என்று கைவிடுகிறோம். முதல் மொழியையும் இரண்டாம் மொழியையும் வயது ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. அந்த வேறுபாட்டையும், அதனையொட்டிப் பெற்றோர் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருவறையிலிருந்து முதல் பிறந்தநாள் வரை

குழந்தையின் உட்செவி கர்ப்பத்தின் ஆறாம் மாத அளவிலேயே செயல்படத் தொடங்குகிறது. கடைசி மூன்று மாதங்களில் தாயின் குரல் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேட்கிறது. அதனால்தான் பிறந்த சில நாட்களிலேயே மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலைக் குழந்தை விரும்பிக் கேட்கிறது.

பிறந்த குழந்தையின் செவி எல்லா மொழிகளுக்கும் திறந்திருக்கிறது. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இரு ஒலிகள் கேட்கச் செய்யப்பட்டன. அவை நம் 'ட'கரத்தையும் 'த'கரத்தையும் போன்றவை. ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தறிந்தனர். 10 முதல் 12 மாதங்களுக்குள் அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது.

இது இழப்பாகத் தோன்றினும் வளர்ச்சியின் ஓர் அங்கமாகும். தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்குத் தேவையான ஒலிகளை மூளை கூர்மைப்படுத்திக்கொள்கிறது. பயன்படாத வேறுபாடுகளை விட்டுவிடுகிறது. தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்கு ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு இவ்வாறே செவியில் பதிகிறது. குழந்தை முதல் சொல்லைப் பேசுவதற்குப் பல மாதங்கள் முன்னரே மொழி கற்றல் தொடங்கிவிடுகிறது. "இன்னும் பேசும் வயது வரவில்லை" என்று நாம் எண்ணும் காலத்தில்தான் அடித்தளம் இடப்படுகிறது.

முதல் மொழி ஏன் காத்திருக்காது?

இளங்குழந்தையின் மூளையில் நரம்பணு இணைப்புகள் மிக வேகமாக உருவாகின்றன. பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை களையப்படுகின்றன. ஒலியே எட்டாத நிலையில், கேட்டலுக்குரிய மூளைப் பகுதி பார்வை போன்ற வேறு புலன்களின் பணிக்கு மெல்ல மாறத் தொடங்குகிறது. மொழி கற்கும் திறனுக்கு இவ்வாறு ஓர் உயிரியல் காலவரம்பு உண்டு என்னும் கருத்தை 1967-இல் எரிக் லென்னபர்க் விரிவாக எடுத்துரைத்தார். வரம்பு எந்த வயதில் முடிகிறது என்பதில் கருத்து வேறுபாடுகள் தொடர்கின்றன. முதல் மொழிக்குத் தொடக்க ஆண்டுகள் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை.

இதற்கு வலுவான சான்று, கேளாதோரிடையே ரேச்சல் மேபெரி நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வாகும். அதில் இரு பிரிவினரின் சைகை மொழித் திறன் ஒப்பிடப்பட்டது. இரு பிரிவினரும் அமெரிக்கச் சைகை மொழியை ஏறத்தாழ 9 வயதுக்குப் பிறகே கற்கத் தொடங்கியவர்கள். பல்லாண்டுகள் அதனைப் பயன்படுத்தியவர்கள். முதல் பிரிவினர் கேட்கும் திறனுடன் பிறந்து, ஆங்கிலத்தை முதல் மொழியாகப் பெற்ற பின் கேட்கும் திறனை இழந்தவர்கள். இரண்டாம் பிரிவினர் பிறவியிலேயே கேளாதவர்கள். சைகை மொழி கிடைக்கும்வரை எம்மொழியையும் முழுமையாகப் பெறாதவர்கள். முதல் பிரிவினரே சைகை மொழியில் தெளிவாக மேம்பட்டிருந்தனர்.

இதன் பொருளைக் கவனியுங்கள். கற்கத் தொடங்கிய வயது ஏறத்தாழ ஒன்று. கற்ற மொழியும் ஒன்று. இளமையிலேயே ஒரு மொழியைப் பெற்றவருக்கு அடுத்த மொழி எளிதாகிறது. முதல் மொழியே தாமதமானால், பின்னர்க் கற்கும் மொழியும் தடுமாறுகிறது. முதல் மொழி என்பது இனிக் கற்கவிருக்கும் எல்லா மொழிகளுக்கும் நாற்றங்கால் போன்றது.

அம்முதல் மொழி பேச்சு மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சைகை மொழிகள் தமக்கெனச் சொல்வளமும் இலக்கணமும் கொண்ட முழு மொழிகள். சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் மழலை பேசும் பருவத்தில் கைகளால் மழலை பேசுகின்றனர். சைகை கற்பித்தால் குழந்தை பேசாமற்போகும் என்னும் அச்சம் தேவையற்றது.

வயதுக்கேற்ற கேட்டல், பேச்சு வளர்ச்சி

குழந்தைக்குக் குழந்தை சிறிது முன்பின் இருக்கலாம். பொதுவாக எதிர்பார்க்கப்படுபவை:

• 3 மாதம்: திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடும், தாயின் குரல் கேட்டு அமைதியடையும், "ஆ", "ஊ" என ஒலி எழுப்பும்.
• 6 மாதம்: ஒலி வரும் திசையை நோக்கித் திரும்பும், குரலை ஏற்றி இறக்கி விளையாடும்.
• 9 முதல் 10 மாதம்: "பாபாபா", "தாத்தாத்தா" எனத் தொடர்ந்து மழலை பேசும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும்.
• 12 மாதம்: "அம்மா", "தா" போன்ற ஓரிரு சொற்களைப் பொருளறிந்து கூறும், விரலால் சுட்டிக்காட்டும், கையசைத்து "டாட்டா" காட்டும்.
• 18 மாதம்: ஏறத்தாழ 10 சொற்கள் பேசும், "பந்தை எடுத்து வா" என்றால் புரிந்து செய்யும்.
• 24 மாதம்: ஏறத்தாழ 50 சொற்கள் பேசும்; "அம்மா வா", "பால் வேணும்" என இரு சொற்களைத் தானாகச் சேர்க்கும்.
• 36 மாதம்: மூன்று, நான்கு சொற்கள் கொண்ட வாக்கியங்கள் பேசும், வெளியாருக்கும் பெரும்பாலும் புரியும்.

எப்போது உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்?

• 6 மாதத்தில் ஒலி வரும் திசையில் திரும்பாதிருத்தல்
• 12 மாதத்தில் மழலைப் பேச்சோ, சுட்டிக்காட்டுதலோ இல்லாதிருத்தல்
• 18 மாதத்தில் பொருளுள்ள ஒரு சொல்லும் பேசாதிருத்தல்
• 24 மாதத்தில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதிருத்தல்
• பேசிய சொற்களை எந்த வயதிலேனும் இழத்தல்
• குழந்தைக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று பெற்றோர் மனத்தில் எழும் ஐயம்

இவற்றுள் ஒன்று இருப்பினும் காத்திருக்க வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. வீட்டில் கைதட்டிப் பார்த்தோ, தட்டைத் தட்டிப் பார்த்தோ முடிவுக்கு வரக் கூடாது. கையசைவைக் கண்டும், காற்றையும் அதிர்வையும் உணர்ந்தும் குழந்தை திரும்பக்கூடும். கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் சிரிக்கும், குரல் எழுப்பும். ஆகையால் குறைபாடு கண்ணுக்குப் புலப்படாமல் மாதங்கள் கடந்துவிடுகின்றன.

பிறந்த ஓரிரு நாட்களிலேயே செய்யக்கூடிய ஓஏஇ பரிசோதனை வலியற்றது. குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் ஐயம் ஏற்பட்டால் பெரா பரிசோதனை செய்யப்படும். பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குதல் என்பதே பன்னாட்டு அளவில் பின்பற்றப்படும் கால அட்டவணை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கேட்டல் குறைபாடுள்ள 150 குழந்தைகளிடம் நடத்தி 1998-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 6 மாத வயதுக்குள் குறைபாடு கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னர்க் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித் திறனில் கணிசமாக முன்னேறியிருந்தனர்.

குறைமாதத்தில் அல்லது மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்டவர்கள், கர்ப்ப காலத்தில் ரூபெல்லா நோய் கண்ட தாயின் குழந்தைகள், நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைகள், குடும்பத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உள்ளவர்கள் ஆகியோருக்கு இப்பரிசோதனை கட்டாயம் செய்யப்பட வேண்டும். இக்காரணங்கள் எதுவுமின்றியும் கேட்டல் குறைபாடு ஏற்படலாம். எனவே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பரிசோதனை நன்று.

சிகிச்சையும் அரசு உதவியும்

குறைபாட்டின் அளவைப் பொறுத்துக் காது கேட்கும் கருவி அல்லது காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். இங்கும் வயதே முக்கியம். பிறவியிலேயே கேளாத குழந்தைகளிடம் அனு சர்மா குழுவினர் நடத்திய ஆய்வில், மூன்றரை வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டவர்களின் மூளை ஒலிக்கு இயல்பான வேகத்தில் துலங்கியது. 7 வயதுக்குப் பின் பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் அத்துலங்கல் இயல்பு நிலையை எட்டவில்லை. கருவி ஒன்றே; அதனை ஏற்கும் மூளையின் பருவம் வேறு.

அறுவை சிகிச்சையோடு பணி முடிவதில்லை. புதிதாகக் கேட்கும் ஒலியைச் சொல்லாகவும் பொருளாகவும் உணரக் குழந்தைக்குத் தொடர்ந்து செவிப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தேவை. பயிற்சிக்கு அழைத்துச் செல்வதை இடையில் நிறுத்திவிட்டால் கருவியின் பயன் குறையும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. இதற்கு வயது வரம்பு உண்டு என்பதால் தாமதம் கூடாது. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழுவினரிடம் உங்கள் ஐயத்தைத் தெரிவிக்கலாம். அவர்கள் குழந்தையை மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பிவைப்பர். செவித்திறன் இயல்பாக இருந்து பேச்சு மட்டும் தாமதமானால், ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் போன்றவை உள்ளனவா என்பதும் அங்கே ஆராயப்படும்.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்." சில குடும்பங்களில் அவ்வாறு நேர்வது உண்டு. ஆயினும் எந்தக் குழந்தை தானாகப் பேசும், எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்பதைப் பரிசோதனையின்றிச் சொல்ல இயலாது. ஆண் குழந்தைகள் சற்றுத் தாமதமாகப் பேசலாம். மேற்கண்ட அபாய அறிகுறிகளோ இருபாலருக்கும் பொதுவானவை.

"நாக்கு ஒட்டியிருப்பதால் பேசவில்லை." நாவின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருந்தால் பால் குடிப்பதிலும் சில ஒலிகளை உச்சரிப்பதிலும் இடர் வரலாம். குழந்தை சொல்லே பேசாதிருப்பதற்கு அது காரணமாகாது.

"வசம்பையும் தேனையும் நாவில் தடவினால் பேச்சு வரும்." பேச்சுத் தாமதத்துக்கு இதனால் பயன் உண்டு என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பது பாட்டுலிசம் என்னும் கடும் நரம்பு நோய்க்கு வழிவகுக்கக்கூடும். காதில் எண்ணெய் ஊற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

"கைப்பேசியில் பாட்டும் கதையும் போட்டால் பேசக் கற்றுக்கொள்ளும்." 2003-இல் பாட்ரிசியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகளில் நேரில் விளையாடினர். அக்குழந்தைகள் சீன மொழிக்குரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றனர். அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகள் கற்கவில்லை. குழந்தை மனிதரிடமிருந்தே மொழியைக் கற்கிறது. 2 வயதுக்குட்பட்டோர் திரை முன் அமர்ந்து பார்ப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை.

"இரு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும்." இரு மொழிகள் பேச்சுத் தாமதத்தை ஏற்படுத்துவதில்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் கற்கும். ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எண்ணினால் சொற்கள் குறைவாகத் தோன்றலாம். இரண்டையும் கூட்டியே கணக்கிட வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளைக் கலந்து பேசுவதும் இயல்பானதே. இரு மொழி கேட்டு வளரும் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் இருப்பின், மொழிகளைக் காரணம் காட்டாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

இரண்டாம் மொழி: எந்த வயது நல்லது?

"சிறு வயதில்தான் விரைவாகக் கற்கலாம்" என்பது முழு உண்மையன்று. நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலம் பேசும் குடும்பத்தினர் டச்சு மொழி கற்பதை ஸ்னோ, ஹோஃப்நாகல் ஹோஹ்லே ஆகியோர் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டனர். தொடக்க மாதங்களில் மிக வேகமாகக் கற்றவர்கள் 12 முதல் 15 வயதினரே. 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தனர். வளர்ந்தவர்கள் விதிகளை உணர்ந்து கற்கின்றனர். ஏற்கெனவே உள்ள மொழியறிவு அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

நீண்ட கால அளவில் நிலைமை மாறுகிறது. அமெரிக்காவில் குடியேறிய சீன, கொரிய மொழியினர் 46 பேரிடம் ஜான்சன், நியூபோர்ட் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்கு முன் வந்தவர்கள் ஆங்கில இலக்கணத்தில் அம்மொழியிலேயே பிறந்தவருக்கு இணையாக விளங்கினர். வயது ஏற ஏறத் தேர்ச்சி படிப்படியாகக் குறைந்தது. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இணையவழித் தேர்வில் பங்கேற்ற ஏறத்தாழ 6,70,000 பேரின் விடைகளை ஆராய்ந்தது. இலக்கணத்தை உள்வாங்கும் திறன் ஏறத்தாழ 17 வயது வரை உயர்ந்தே இருந்து, பின்னர்க் குறைவதாக அது கணித்தது. கதவு ஒரே நாளில் சாத்தப்படுவதில்லை, மெல்லச் சாய்கிறது.

இங்குப் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மேற்கண்டோர் புதிய மொழி நாள் முழுதும் பேசப்படும் சூழலில் வாழ்ந்தவர்கள். வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் கற்பிக்கப்படும் மொழிக்கு இளவயதுத் தொடக்கம் அதே பயனைத் தருவதில்லை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடந்த ஆய்வில், சம மணி நேரம் ஆங்கிலம் கற்ற பள்ளி மாணவர்களில் 8 வயதில் தொடங்கியவர்களைவிட 11 வயதில் தொடங்கியவர்களே தேர்வுகளில் மேம்பட்டிருந்தனர். ஆகவே பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கிவிடும் என்று அஞ்சி, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களை மட்டும் பேசுவது நன்மை தராது. உங்களுக்கு நன்கு தெரிந்த மொழியில் நிறையப் பேசுங்கள். அம்மொழியில் வளமான சொல்லாட்சி பெற்ற குழந்தை, அடுத்த மொழியை அதன்மேல் கட்டிக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு

வயது வந்தபின் கற்கும் மொழியில் பெரும்பாலும் எஞ்சி நிற்பது உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல். அது குறையன்று, கருத்தைப் புரியவைப்பதற்குத் தடையுமன்று. சொற்களைக் கற்கும் திறன் முதுமை வரை நீடிக்கிறது. இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் தமிழகம் வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அதன் பின்னரே தமிழ் கற்றுத் தேம்பாவணியையும் சதுரகராதியையும் இயற்றினார்.

ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 648 மறதி நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு நோய் அறிகுறிகள் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியது தெரியவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. மொழி கற்றலே நோயைத் தடுக்கும் என்று இதனால் உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் எந்த வயதிலும் மொழி கற்பது வீண் முயற்சியன்று என்பதற்கு இது ஊக்கம் தருகிறது.

நாள்தோறும் சிறிது நேரம் பயிலுங்கள். கற்றதை இடைவெளிவிட்டு மீண்டும் நினைவுகூருங்கள். பிழைக்கு அஞ்சாமல் அம்மொழியினருடன் பேசுங்கள். போதிய அளவு உறங்குங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் புதிய சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் செவித்திறனையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• பிறந்த நாள் முதலே குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.
• தாலாட்டு, கைவீசம்மா, சாய்ந்தாடு போன்றவற்றைப் பாடுங்கள்.
• குழந்தை ஒலி எழுப்பினால் பதில் பேசுங்கள். அது மீண்டும் ஒலி எழுப்பக் காத்திருங்கள்.
• குழந்தை "பூ" என்றால், "ஆமாம், சிவப்புப் பூ" என்று விரித்துச் சொல்லுங்கள்.
• தவறாகச் சொன்னால் கேலி செய்யாமல், சரியான சொல்லை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள்.
• தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் கேட்டலையும் பேச்சையும் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பரிசோதனையில் குறை ஏதுமில்லை என்று தெரிந்தால் உங்கள் கவலை நீங்கும். குறை இருப்பின், ஈடுசெய்யக்கூடிய பருவத்திலேயே அது கண்டறியப்பட்டிருக்கும். காத்திருப்பதால் மட்டுமே இழப்பு நேரும். உங்கள் குழந்தையின் கேட்டலிலோ பேச்சிலோ ஐயம் இருப்பின் இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவையோ அணுகுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.